ஏ.பி. எடுத்தவரும் எதுவும் எடுக்காதவரும் ஒன்றா? பெர்லின் போக்குவரத்துத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெர்லின் மாநில அரசின் போக்குவரத்துத் துறைக்கும், கட்டணத்தை வகுக்கும் பெர்லின்–பிராண்டன்பர்க் போக்குவரத்துக் கூட்டமைப்புக்கும்,

வணக்கம்.

கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். காசு கொடுத்து டிக்கெட் எடுத்துவிட்டு அது செல்லும் பகுதியை, அதாவது மண்டலத்தை, மட்டும் தவறாக எடுத்தவரை, டிக்கெட்டே எடுக்காமல் ஏறியவரோடு ஒரே வரிசையில் நிறுத்தாதீர்கள். இரண்டு பேருக்கும் 60 யூரோ அபராதம் என்பது இப்போதைய விதி. அதை மாற்றுங்கள்.

நான் இந்த ஊரில் வசிப்பவன். உங்கள் ரயில்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பெர்லினில் நிலையத்துக்குள் போகத் தடுப்புக் கதவு கிடையாது. தெருவிலிருந்து படியிறங்கினால் நேரே நடைமேடைதான். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு வருபவருக்கும், இரண்டு கையிலும் பெட்டியோடு வருபவருக்கும் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லத் தேவையில்லை. யூ-பான் (சுரங்க ரயில்), எஸ்-பான் (நகர, புறநகர் ரயில்), ட்ராம், பஸ் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். வான்சேயிலிருந்து ஏரியைக் கடந்து கிளாடோவுக்குப் போகும் எஃப்10 படகில்கூட, நகருக்குள் செல்லும் அதே சாதாரண ஏ.பி. டிக்கெட்டோடு ஏறிவிடலாம். ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் அந்தப் படகில் ஒரு சுற்று கூட்டிப்போய்விடுவேன். செலவில்லாத ஏரி உலா!

சிக்கல் அந்த ஏ, பி, சி எழுத்துகளில்தான். நகர மையத்தைச் சுற்றி ஓடும் வட்டப்பாதை ரயிலுக்கு உட்பட்டது ஏ மண்டலம், அதிலிருந்து நகர எல்லை வரை பி, அதற்கு வெளியே சி. ஊருக்குள் சுற்றுபவருக்கு ஏ.பி. போதும். பிரிட்ஸில் இருக்கும் முருகன் கோயிலுக்கு யூ7 பிடித்து பிளாஷ்கோஆலேயில் இறங்கிப் போய்வர ஏ.பி. போதும். ஆனால் அதே டிக்கெட்டோடு சான்சுசி அரண்மனை பார்க்க போட்ஸ்டாம் போனால் நீங்கள் சி மண்டலத்தில் இருக்கிறீர்கள். விமான நிலையமும் சி மண்டலத்தில்தான் இருக்கிறது. நாட்டின் தலைநகருக்கு வருபவர் முதலில் காலை வைக்கும் இடமே, நகரத்துச் சாதாரண டிக்கெட் செல்லாத இடம்.

முன்பு இப்படி இல்லை. டேகல் விமான நிலையம் பி மண்டலத்துக்குள் இருந்தது. டி.எக்ஸ்.எல். பஸ்ஸில் ஏறினால் ஏ.பி. டிக்கெட்டிலேயே நகர மையத்துக்கு வந்துவிடலாம். 2012 ஜூனில் திறக்க வேண்டிய, இப்போதைய பி.இ.ஆர். விமான நிலையம் ஒருவழியாக 2020 அக்டோபர் 31-ல் திறந்தது. அடுத்த வாரமே, நவம்பர் 8-ல், டேகல் மூடப்பட்டது. அன்றோடு பெர்லினுக்கு விமானத்தில் வரும் எல்லோரும் சி மண்டலவாசிகள் ஆகிவிட்டார்கள். ஆனால் “ஏ.பி. எடுத்தால் போதும்டா” என்று சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லும் பழைய அறிவுரை இன்னும் வாட்ஸ்அப் குழுக்களில் உயிரோடு இருக்கிறது.

எஸ்9 ரயிலில் விமான நிலையத்திலிருந்து புறப்பட்டால், வாஸ்மன்ஸ்டார்ஃப், ஷோனெஃபெல்ட் என்று இரண்டு நிறுத்தம். அதற்கடுத்த குரூன்பெர்க்ஆலே பெர்லினுக்குள் வந்துவிடுகிறது. ஆக, விமான நிலையத்தையும் சேர்த்து மூன்றே நிலையம்தான் சி. 2025-ல் ஒருவழி ஏ.பி. டிக்கெட் 3.80 யூரோவாகவும், ஏ.பி.சி. டிக்கெட் 4.70 யூரோவாகவும் இருந்தது. வித்தியாசம் வெறும் 90 சென்ட். இப்படிச் சில்லறை குறைந்ததற்குத்தான் 60 யூரோ.

இது எப்படி நடக்கிறது என்பதை ஒருமுறை பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்தேன். விமான நிலையம் போகும் ரயில். எதிரே தமிழ் பேசிக்கொண்டு ஒரு கணவன் மனைவி, அறுபது வயதிருக்கும். மகளைப் பார்க்க வந்து திரும்பிப் போகிறார்கள் என்பது பெட்டிகளைப் பார்த்தாலே தெரிந்தது. ஜன்னலோரம் சாதாரண ஜாக்கெட் போட்டு உட்கார்ந்திருந்தவர் எழுந்து, கழுத்தில் தொங்கிய அட்டையைக் காட்டி டிக்கெட் கேட்டார். பெரியவர் சட்டைப் பையிலிருந்து நிதானமாக, கொஞ்சம் பெருமையாகவே, 24 மணி நேர டிக்கெட் இரண்டை எடுத்து நீட்டினார். முத்திரை இருந்தது, நேரமும் மிச்சம் இருந்தது. பரிசோதகர் அதில் ‘ஏ.பி.’ என்று போட்டிருந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். மரியாதையாகத்தான் பேசினார், அதில் குறை ஒன்றும் இல்லை. கையிலிருந்த கருவி சர்ரென்று இரண்டு சீட்டை அச்சடித்துத் தந்தது. 120 யூரோ. “டிக்கெட் இருக்கே, டிக்கெட் இருக்கே” என்று அந்த அம்மா தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தார். ஆமாம், இருந்தது. அதுதான் என் வழக்கு.

எங்கள் ஊரிலிருந்து வருபவர்கள் ஏன் இதில் மாட்டுகிறார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். சென்னை மெட்ரோவில் டிக்கெட்டில் சொன்ன நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டால் வெளியேறும் கதவு திறக்காது. அங்கேயே கவுன்ட்டரில் மீதிக் காசைக் கட்டிவிட்டு வெளியே வந்துவிடலாம். புறநகர் ரயிலில் கதவெல்லாம் கிடையாது, ஆனால் டிக்கெட் வாங்கும்போதே தேதியும் நேரமும் அச்சாகி வந்துவிடும். வாங்கிய டிக்கெட்டை மறுபடி இன்னொரு பெட்டியில் நுழைத்து முத்திரை குத்தினால்தான் அது உயிர்பெறும் என்ற சங்கதியே நாங்கள் கேள்விப்படாதது. காசு கொடுத்தாயிற்று, காகிதம் கையில் இருக்கிறது, அப்புறம் என்ன? நடைமேடையில் நிற்கும் அந்தச் சிவப்புப் பெட்டியையும் மஞ்சள் பெட்டியையும் பார்த்து, இது தபால் பெட்டியா என்று கேட்டவர்களும் உண்டு.

உள்ளூர்க்காரர்கள் ஏன் இதைப் பற்றிச் சத்தம் போடுவதில்லை? எனக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். 2023 மே மாதம் 49 யூரோவுக்கு ஜெர்மனி டிக்கெட் வந்ததோடு, தினமும் பயணிப்பவர்களுக்கு மண்டலம் என்ற ஒன்றே மறந்துபோய்விட்டது. விலை ஏறிக்கொண்டே போனாலும், மாதாமாதம் கட்டினால் நாடு முழுக்க உள்ளூர் வண்டிகளில் போகலாம். ஏ, பி, சி யாருக்கு வேண்டும்? அலுவலகம் போகிறவரிடம் அது இருக்கிறது. மாணவருக்கு செமஸ்டர் டிக்கெட் இருக்கிறது. இந்த விதிகளை எழுதுபவர்களிடமும் அநேகமாக அப்படி ஒன்று இருக்கும். மிச்சம் இருப்பது யார்? நேற்று வந்திறங்கியவர், மகளைப் பார்க்க வந்த பெற்றோர், மாதச் சந்தா கட்ட வங்கிக் கணக்கு இன்னும் திறக்காதவர், எப்போதாவது ஒருமுறை ரயில் ஏறும் ஏழை. மண்டலக் கணக்கு முழுக்க இவர்கள் தலையில்தான் விழுகிறது. மாணவரையே எடுத்துக்கொள்ளுங்கள்: பல்கலைக்கழகத்தில் பெயர் பதிந்து செமஸ்டர் டிக்கெட் கைக்கு வந்துவிட்டால் அப்புறம் பிரச்சினையே இல்லை. பெட்டியோடு வந்திறங்கும் அந்த முதல் நாள்தான் ஆபத்து.

இந்தத் தடம் தமிழர்களுக்குப் புதிதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தப்பி வந்த ஆயிரக்கணக்கானவர்கள், அன்றைய கிழக்கு ஜெர்மனியின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, இடைவழி (டிரான்ஸிட்) விசாவோடு பிரீட்ரிக்ஷ்ட்ராஸே நிலையம் வந்து, அங்கிருந்து மேற்கு பெர்லினுக்குள் நுழைந்தார்கள். கிழக்கு பெர்லினையும் மேற்கு பெர்லினையும் பிரித்த கோட்டினை நாட்டு எல்லையாக மேற்குத் தரப்பு ஏற்காததால், அந்தப் பக்கம் பாஸ்போர்ட் கேட்க ஆளில்லை. 1985-ல் கிழக்கு ஜெர்மனி அந்த வழியைத் தமிழர்களுக்கு அடைத்தது. இப்போதைய பி.இ.ஆர். அதே ஷோனெஃபெல்டை ஒட்டித்தான் கட்டப்பட்டிருக்கிறது. எஸ்9 இன்றும் பிரீட்ரிக்ஷ்ட்ராஸே வழியாகத்தான் போகிறது. அன்று வந்தவர்கள் பட்ட பாட்டுக்கு முன்னால் இந்த 60 யூரோ ஒன்றுமே இல்லை, ஒப்பிடவும் மாட்டேன். இந்த ஊரின் வரலாற்றில் ஒரு பகுதி அந்தப் பாதையில் வந்தவர்களால் ஆனது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள் என்கிறேன்.

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம், உங்களிடமே வழி இருக்கிறது. தன் பெயரில் உள்ள மாத டிக்கெட்டை வீட்டில் மறந்து வைத்துவிட்டு மாட்டிக்கொண்டவர், பிறகு அலுவலகத்தில் அதைக் காட்டினால் 60 யூரோ 7 யூரோவாகக் குறைகிறது. ஏன்? அவர் ஏமாற்றுக்காரர் இல்லை, காசு கட்டியவர் என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். அதே நியாயத்தை மண்டலம் மாறியவருக்கும் கொடுங்கள். செல்லுபடியாகும் ஏ.பி. டிக்கெட்டோடு சி மண்டலத்தில் பிடிபட்டால், விட்டுப்போன கட்டணமும் அதே 7 யூரோவும் வாங்குங்கள். ஏ.பி.யிலிருந்து சி-க்கு நீட்டிக்கொள்ளத் தனி டிக்கெட்டே விற்கிறீர்கள். அதையே ரயிலில் வைத்துக் கொடுத்தால் முடிந்தது.

அப்படிச் செய்தால் எல்லோரும் வேண்டுமென்றே ஏ.பி. எடுத்துவிட்டு மாட்டினால் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட மாட்டார்களா? சில்லறை மிச்சம் பிடிக்க 7 யூரோவைப் பணயம் வைக்கும் கெட்டிக்காரர்கள் சிலர் இருக்கலாம். அவர்கள் பெயர் இரண்டாவது முறை வந்தால் முழு 60 யூரோவையும் வாங்கிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

முத்திரை விஷயம் கொஞ்சம் வேறு. முத்திரை குத்தாத டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பரிசோதகர் தலை தெரிந்ததும் ஓடிப்போய்க் குத்துபவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மைதான். அதனால் அங்கே சலுகை கேட்க மாட்டேன். முத்திரையே தேவைப்படாதபடி செய்யுங்கள் என்று கேட்கிறேன். இப்போது ட்ராமுக்குள் இருக்கும் இயந்திரத்தில் எடுக்கும் டிக்கெட் முத்திரையோடேதான் வருகிறது. விமான நிலையத்திலும் பெரிய நிலையங்களிலும் அதுவே வழக்கமாகட்டும்; பிறகு பயன்படுத்த வேண்டும் என்பவர் மட்டும் தனியாக அந்த வாய்ப்பைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும்.

டிக்கெட் இல்லாப் பயணத்தைக் குற்றமாக்கும் ஜெர்மன் தண்டனைச் சட்டப்பிரிவு 265ஏ பற்றியும் ஒரு வரி. 1935-ல் சேர்க்கப்பட்ட அந்தப் பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு. மண்டலம் தவறி எடுத்தவரை யாரும் சிறைக்கு அனுப்புவதில்லை, தெரியும். ஆனால் விசாவில் வந்த இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு அது தெரியாது. அபராதச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, விசா போய்விடுமா அண்ணா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அந்தச் சீட்டின் பின்பக்கத்தில், இது குற்ற வழக்கு அல்ல, பணத்தைக் கட்டினால் முடிந்தது என்று எளிய ஆங்கிலத்தில் இரண்டு வரி அச்சடித்தால் என்ன?

லிஃப்ட் வேலை செய்யாத நிலையங்கள், பராமரிப்புக்காகப் பாதையை அடைத்துவிட்டு மாற்றுப் பஸ் எங்கே நிற்கிறது என்று ஜெர்மனில் மட்டும் அறிவிப்பது என்று எழுத இன்னும் இருக்கிறது. அதெல்லாம் வேறொரு மடலுக்கு.

ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இப்போது இந்தியர்களே அதிகம். குளிர்கால செமஸ்டர் அக்டோபரில் தொடங்குகிறது; செப்டம்பரிலிருந்தே வரத் தொடங்கிவிடுவார்கள். கட்டண விதியை மாற்ற இரண்டு மாநிலங்களும் சுற்றியுள்ள மாவட்டங்களும் கூடிப் பேச வேண்டும், அதற்கு நாளாகும் என்பது புரிகிறது. ஆனால் விமான நிலைய டிக்கெட் இயந்திரங்களின் பக்கத்தில் ‘நகருக்குள் போக ஏ.பி.சி.’ என்று ஆளுயரத்துக்கு எழுதி ஒட்டவும், நகருக்குள் இருக்கும் இயந்திரங்களில் ஏ.பி. அழுத்தியதும் ‘விமான நிலையத்துக்குச் செல்லாது’ என்று ஒரு வரி காட்டவும் எந்தக் கூட்டமும் தேவையில்லை. அதை இந்தச் செப்டம்பருக்குள் செய்யுங்கள்.

இப்படிக்கு,
பெர்லினில் வசிக்கும் ஒரு தமிழ்ப் பயணி