அத்தி மரத்துக்கு விலை பேச வேண்டாம்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுத உட்கார்ந்தேன். நீ விற்றுவிடலாம் என்கிற ஏற்காட்டுத் தோட்டத்து அத்தி மரத்தைக் கொடுப்பதாக இல்லை என்று மர வியாபாரியிடம் சொல்லியாகிவிட்டது. நீ கோபப்படுமுன் முழுவதையும் படி.

போன ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் பறவை பார்க்கக் கூட்டிப்போகிறார்கள் என்று சின்னவள் என் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அடிவாரம் செக்போஸ்ட்டைத் தாண்டும்போது விடியவே இல்லை. 20 கொண்டை ஊசி வளைவும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டேதான் ஏறினேன். மேலே போய் இறங்கினால் காப்பிப் பூ வாசம். பங்குனி பிறக்குமுன்னே ஒரு மழை பிடித்ததில்லையா, பூ எடுத்துவிட்டது.

கூட்டிப்போனது ஒரு சின்னப் பெண், நம் சின்னவள் வயதுதான் இருக்கும். அதிகம் பேசவில்லை, அதுவே பெரிய நிம்மதி. பைனாகுலரை எப்படிப் பிடிப்பது என்று எனக்கு மட்டும் தனியாகச் சொல்லிக்கொடுத்தாள். கண்ணாடி போட்டவர்கள் கண் வைக்கிற ரப்பர் வளையத்தை உள்ளே திருகிவிட வேண்டுமாம். குருவியை முதலில் வெறுங்கண்ணால் பார்த்துக்கொண்டு, பார்வையை நகர்த்தாமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். நானோ பைனாகுலருக்குள் குருவியைத் தேடிக்கொண்டிருந்தேன். இலைதான் தெரிந்தது.

வந்தவர்களில் பாதிப்பேருக்கு மஞ்சள் தொண்டைச் சின்னான்மேல்தான் குறி. தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளில் மட்டும் இருக்கிற பறவை, உலகத்தில் வேறெங்கும் கிடையாது, அதுவும் குறைந்துகொண்டே வருகிறதாம். பாறைச் சரிவுப் பக்கம் ரொம்ப நேரம் நின்றோம், வரவில்லை. ஒருவர் போனில் அதன் குரலைப் போட்டுக் கூப்பிடலாமே என்றார். அந்தப் பெண் கூடாது என்றுவிட்டாள். கூடு கட்டுகிற காலத்தில் வேறொரு ஆண் தன் இடத்துக்குள் வந்துவிட்டதென்று நினைத்து, இரையை விட்டுவிட்டுத் தேடி அலையுமாம். அவ்வளவு பெரிய கேமரா வைத்திருந்தவரிடம் தயங்காமல் சொன்னாள் பார், அங்கேதான் எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

உனக்காக ஒன்றைப் பார்த்து வைத்தேன். காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒரு தாழ்ந்த கிளையில் நீலத்தலைப் பூங்குருவி. தலை நீலம், வயிறு செங்காவி, இறக்கையில் ஒரு வெள்ளைத் திட்டு. அசையாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. திடீரென்று தரையில் குதித்துச் சருகைப் புரட்டி எதையோ எடுத்துக்கொண்டு பழைய கிளைக்கே போய்விட்டது. குளிர்காலம் முழுக்க நம் பக்கத்து மலைகளில் இருந்துவிட்டு, வெயில் ஏறும்போது குஞ்சு பொரிக்க இமயமலைக்குப் போய்விடுமாம். டேராடூனுக்கு மேலே மலைப்பக்கம் போனால் நீயும் பார்க்கலாம். நீ தீபாவளிக்கு வந்து நாலு நாள் இருக்கிறாய், அது ஐந்தாறு மாதம் இருக்கிறது.

நடை முடிந்ததும் எல்லோரையும் நம் தோட்டத்துக்கு டீ குடிக்கக் கூட்டிப்போனேன், பக்கத்தில்தானே. அத்தி அடியோடு பழுத்திருந்தது. தண்டில் கொத்துக் கொத்தாய்ப் பழம், கீழே சிவப்பாய் உதிர்ந்து மிதிபட்டுக் கிடந்தது. நான் வருஷக்கணக்காய் "குட்ரூ குட்ரூ" என்று கேட்டுக்கொண்டிருந்த சத்தத்துக்குச் சொந்தக்காரனை அன்றைக்குத்தான் பார்த்தேன். வெண்கன்னக் குக்குறுவான். பச்சை உடம்பு, பழுப்புத் தலை, கன்னத்தில் வெள்ளைக் கோடு. தடித்த அலகைச் சுற்றி விறைப்பாய் மீசை முடி. உன் தாத்தா முகச்சவரம் செய்யாத நாளில் இப்படித்தான் இருப்பார்.

விழுந்துவிடும், விழுந்துவிடும் என்று நீ சொல்வாயே ஒரு காய்ந்த கொப்பு, அதில்தான் வட்டமாய்ப் பொந்து குடைந்துகொண்டிருந்தது. உள்ளே போகும், அலகு நிறைய மரத்தூளோடு தலையை நீட்டும், உதறும், மறுபடி உள்ளே. என் தோள்மேலேயே தூள் விழுந்தது. பச்சை மரத்தில் இதனால் குடைய முடியாது, பட்ட கொப்புதான் வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னாள். வேறு வேலை இருந்தால் பாருங்கள் என்பதுபோல அது எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை.

இதற்காகவா மரத்தை விட்டுவைப்பது என்பாய். இதற்காகவும்தான். ஆனால் கணக்கும் சொல்கிறேன். நிழல் அதிகமானால் காப்பிக்காய் குறையும், சில்வர் ஓக் வைத்து மிளகு ஏற்றலாம் என்கிறாய். ஓக்கை நான் பழிக்கவில்லை, இப்போது பூத்திருக்கிற ஓக்கில் தேன்சிட்டும் இருந்தது. ஆனால் மேற்குச் சரிவில் நிழலை எடுத்த பிறகு உன் அப்பாவுக்கு என்ன ஆயிற்று? வெயில் பட்ட காப்பித் தண்டில்தான் தண்டுத் துளைப்பான் வண்டு முட்டை வைக்கும் என்று காப்பி வாரியத்துக்காரர்கள் அப்போதே சொன்னார்கள். செடிகளைப் பிடுங்கி எரித்ததுதான் மிச்சம். அத்தி நின்ற பக்கம் செடி ஒன்றும் போகவில்லை. அதன் சருகு வேறு எரு. காப்பிக்காய் துளைக்கிற வண்டைப் பறவைகள் பிடித்துத் தின்கின்றன என்று ஜமைக்காவிலும் கோஸ்டா ரிக்காவிலும் ஆராய்ந்து கண்டிருக்கிறார்களாம். அது அந்த ஊர்க் கணக்கு, நம் தோட்டத்தில் நான் எண்ணிப் பார்க்கவில்லை. தண்டுத் துளைப்பான் கணக்கு நம் கண் முன்னால் நடந்தது.

ஆகவே கொப்பு விழுந்து நாலு செடி போனால் போகட்டும். மிளகுக்கு ஆசைப்பட்டால் வேலியோரம் இருக்கிற ஓக்கிலேயே ஏற்று, கொடி வாங்க நான் பணம் தருகிறேன். அனுமதி வாங்குவது முதல் லாரி வரை தானே பார்த்துக்கொள்வதாக வியாபாரி சொன்னார். அவ்வளவு அவசரம் அவருக்கு எதற்கு என்றும் யோசி. உனக்குப் போன் போட்டால், அம்மா சொன்னதுதான் முடிவு என்று சொல்லிவிடு.

ஒரு கிலோ காப்பித்தூள் அனுப்பியிருக்கிறேன், சிக்கரி கலக்காதது. மருமகளுக்குப் பிடிக்காவிட்டால் நீ மட்டும் குடி. தீபாவளிக்கு வரும்போது கண்ணாடிக்காரர்களுக்குத் தோதான நல்ல பைனாகுலர் ஒன்று வாங்கி வா. எட்டுக்கு நாற்பத்திரண்டு என்று கடையில் கேள், அவர்களுக்குப் புரியும்.

அன்புடன்,
அம்மா