சிவப்புக் கோடு போட்ட அட்டை

ஆசிரியருக்கு வணக்கம்.

எனக்கு வயது 54, தையல் தொழில். எட்டு வருடமாக கவுட் இருக்கிறது; ரத்தத்தில் யூரிக் ஆசிட் கூடி மூட்டு வீங்கும் நோய் அது. வலது கால் பெருவிரல் வீங்கிவிட்டால் மெஷினை மிதிக்க முடியாது. வெட்டிப் போட்ட துணியின் ஓரம் உரசினாலே உயிர் போகும். யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் அலோபியூரினால் மாத்திரையை தினமும் போட்டு அதை 6-க்குக் கீழே வைத்திருந்தேன். ஒன்றரை வருடம் வலியே இல்லை.

போன மார்கழியில் கடைவாய்ப் பல் வீங்கியது. பென்சிலின் எனக்கு ஒத்துக்கொள்ளாததால் பல் டாக்டர் ஐந்து நாளுக்கு கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதித் தந்தார். அது தேவைப்பட்டது, சரி. அப்புறம் மாசியிலும் பங்குனியிலும் பல் வலித்தபோது காலி அட்டையைக் காட்டி மெடிக்கலில் நானே வாங்கிச் சாப்பிட்டேன். சீட்டு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. சித்திரையில் விரல் வீங்கியது. அலோபியூரினாலை ஒருநாள்கூட விடவில்லை, ஆனாலும் யூரிக் ஆசிட் 8.4.

கவுட்டுக்குப் பார்க்கும் டாக்டர் பொறுமையாக விளக்கினார். யூரிக் ஆசிட்டில் மூன்றில் இரண்டு பங்கு சிறுநீரில் போகிறது. மீதி குடலுக்குள் இறங்குகிறது, அங்குள்ள பாக்டீரியாக்கள் அதை உடைக்கின்றன. பெரும்பாலான விலங்குகளுக்கு அதை உடைக்க உடம்பிலேயே ஒரு நொதி உண்டு. நமக்கும் வாலில்லாக் குரங்குகளுக்கும் இல்லை. அந்த நொதி இல்லாத எலிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாக்களை அழித்தபோது யூரிக் ஆசிட் கடுமையாக ஏறியதாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2023-ல் வெளியிட்ட ஆய்வு அது. கிளிண்டாமைசின் சாப்பிட்ட மனிதர்களுக்குப் பின்னாளில் கவுட் வருவது கூடுதலாக இருந்ததையும் அதே ஆய்வு சொல்கிறது. "உங்களுக்கு அதனால்தான் வந்ததுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா தேவையில்லாம அந்தக் குடல் பாக்டீரியாக்களைக் கொல்லாதீங்க" என்றார்.

இதைப் படித்துவிட்டு யாரும் குடலுக்கு நல்லது என்று ஏதோ பவுடரை வாங்கிக்கொண்டு அலோபியூரினாலை நிறுத்திவிட வேண்டாம். கவுட்டுக்கு அப்படி நிரூபிக்கப்பட்ட பவுடர் எதுவும் இன்னும் வரவில்லை.

ஆன்டிபயாடிக் அட்டையில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும். டாக்டர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாது என்று அதற்கு அர்த்தம். 2016-ல் மத்திய அரசே அதைப் பிரசாரம் செய்தது. வீட்டுக்கு வந்து பழைய அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் பளிச்சென்று இருக்கிறது, இத்தனை நாள் என் கண்ணில் படவில்லை. சீட்டில்லாத விற்பனையைத் தடுக்க கேரளாவில் 2024-ல் மருந்துக் கடைகளில் சோதனை நடத்தினார்கள். இங்கேயும் நடத்துங்கள். மெடிக்கல் வைத்திருப்பவர்களே, பழைய அட்டையோடு என்னைப் போல ஒருவன் வந்து நின்றால் சீட்டைக் கேளுங்கள். சண்டை போட்டாலும் கொடுக்காதீர்கள்.

– ஒரு தையல் தொழிலாளி, விருதுநகர்