வேலைத்தளத்தில் காயப்பட்டவர்களுக்கு எமது வைத்தியசாலையிலேயே இயன்மருத்துவச் (பிசியோதெரபி) சிகிச்சை கிடைக்கச் செய்யுமாறு கோரும் மனு

பணிப்பாளர் அவர்கள்,
பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனை.

கனம் ஐயா,

இதே விடயமாக முன்னர் அனுப்பிய மனுக்களுக்குப் பதில் கிடைக்கவில்லை. கடைசி மனுவை நேரில் ஒப்படைத்தோம். பணிமனை முத்திரை பதித்த பிரதி எம்மிடம் உண்டு. எனவே மீண்டும் பணிவுடன் எழுதுகிறோம்.

இந்தப் பகுதி தாங்கள் அறியாததல்ல. ஏ9 வீதியிலிருந்து உள்ளே திரும்பினால் மரக்காலைகள், அரிசி ஆலைகள், மணல் ஏற்றும் உழவு இயந்திரங்கள். பனையேறும் சீவல் தொழிலாளர் இருக்கிறார்கள். குளத்துக் கீழ் வயல்களில் அறுவடை இயந்திரத்தோடு திரியும் இளைஞர்கள் இருக்கிறார்கள். விழுவதும் வெட்டுப்படுவதும் இங்கே நடக்கிறவைதான். காயப்பட்டவரின் உயிரைக் காப்பாற்றித் தரும் வைத்தியர்கள்மீதும் தாதியர்மீதும் எமக்கு எந்தக் குறையும் இல்லை. எமது குறை அதற்குப் பிறகு நடப்பதைப் பற்றியது.

1. எமது வைத்தியசாலையில் இருந்த இயன்மருத்துவர் இடமாற்றம் பெற்றுச் சென்றபின் அவர் இடத்துக்கு எவரும் வரவில்லை. வேறு வைத்தியசாலையிலிருந்து ஒருவர் வாரத்தில் ஒரு நாள் வருகிறார். அன்றாட வேலைகளைத் தாமே செய்யப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளர் எப்போதுமே இருந்ததில்லை.

2. எனது கணவர் மரக்காலைத் தொழிலாளி. வாளில் அவரது வலக்கை பட்டு, மூன்று விரல்களை மடக்கும் தசைநாண்கள் அறுந்தன. அவற்றைப் பொருத்தும் சத்திரசிகிச்சை நன்றாகவே நடந்தது. தைத்த நாண் பலவீனமானது, கடுமையாக இழுத்தால் அறுந்துவிடும் என்றார் வைத்தியர். அசையாமல் விட்டாலோ சுற்றியுள்ள தழும்போடு ஒட்டிக்கொள்ளுமாம். ஆகவே சில நாட்களுக்குள்ளேயே பயிற்சியைத் தொடங்க வேண்டும், ஆறு வாரங்கள்வரை ஸ்பிளின்ட் (கையைத் தாங்கிப் பிடிக்கும் அணை) போட்டிருக்க வேண்டும், எவ்வளவு மடக்கலாம், எவ்வளவு நிமிர்த்தலாம் என்று தெரிந்த ஒருவர் கூடவே கவனிக்க வேண்டும் என்றும் சொல்லித்தான் அனுப்பினார். நடந்தது என்ன? இயன்மருத்துவர் வரவேண்டிய முதல் நாள் போயா விடுமுறை. அடுத்த வாரம் அவர் லீவு. வீக்கம் வற்றி ஸ்பிளின்ட் தளர்ந்தபோது அதைச் சரிசெய்ய ஆளில்லை. நான் பழைய சாரத்தைக் கிழித்து உள்ளே வைத்துக் கட்டினேன். தூரத்துப் பெரிய வைத்தியசாலைக்குப் போகலாம் என்றார்கள். போனோம். விடியற்காலை பஸ்ஸில் இருக்க இடமில்லாமல், தைத்த கையை நெஞ்சோடு அணைத்து, மறுகையால் கம்பியைப் பிடித்து, குண்டும் குழியுமான வீதியில் நின்றபடி போனார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அந்த நாண் அறுந்துவிட்டதோ என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வீடு சேர இருட்டிவிடும். அன்று எனது கூலியும் இல்லை. கடன் வாங்கிப் போய்வந்தோம், பிறகு கடன் தருவாரும் இல்லை.

இன்று அந்த மூன்று விரல்களும் உள்ளங்கைக்குள் மடங்கி விறைத்துவிட்டன. சோற்றைப் பிசைய முடியாமல் இடக்கையில் கரண்டி பிடித்துச் சாப்பிடுகிறார். பிள்ளைகள் பார்க்கச் சாப்பிடக் கூச்சப்பட்டுத் தனியே உட்காருகிறார். ஒட்டிய நாணை விடுவிக்க இன்னொரு சத்திரசிகிச்சை செய்யலாமாம். ஆனால் அதற்கு மறுநாளே பயிற்சி தொடங்காவிட்டால் மறுபடியும் ஒட்டிவிடுமாம். யார் பயிற்சி கொடுப்பது, ஐயா? வாரத்தில் ஒரு நாள் வருகிறவரா? மறுபடியும் அந்த பஸ்ஸா?

3. பனையிலிருந்து விழுந்து முள்ளந்தண்டு முறிந்த ஒருவர் எமது கிராமத்தில் படுக்கையில் கிடக்கிறார். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கவேண்டும் என்பது அவர் மனைவிக்குத் தெரியவந்தது படுக்கைப்புண் வந்தபிறகுதான். சக்கர நாற்காலி கொடுத்தார்கள். கட்டிலிலிருந்து அதற்கு எப்படி மாறுவதென்று காட்டித்தர எவரும் வரவில்லை.

4. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி பணம் கேட்கலாம் என்கிறார்கள். நாட்கூலிக்குப் போனவரிடம் யாரிடம் வேலை செய்தார் என்று காட்ட ஒரு துண்டுக் கடிதமும் இல்லை. பணம் வரட்டும், வராமல் போகட்டும். இந்தக் கைக்குப் பணம் கேட்டு இந்த மனுவை எழுதவில்லை.

5. ஆளணி இல்லை என்று யன்னலுக்கு உள்ளிருந்து வாயால் சொல்லி அனுப்புகிறார்கள். கொழும்பிலும் பேராதனையிலும் இயன்மருத்துவம் படித்துப் பட்டம் பெறுகிறார்களே, அவர்களில் ஒருவருக்குக்கூட வன்னியில் இடமில்லையா? உண்மையாகவே ஆளில்லையென்றால் அதை எழுத்தில் தாருங்கள். எதுவும் சொல்லாமல் விடுவதைத்தான் எம்மால் தாங்க முடியவில்லை.

6. நாம் கேட்பது: வெற்றிடத்தை நிரப்புங்கள். நிரப்பும்வரை வாரத்தில் மூன்று நாட்களாவது ஒருவரை அனுப்புங்கள். விடுமுறை வந்தால் மாற்று நாள் தாருங்கள். கையில் சத்திரசிகிச்சை செய்தவரை வீட்டுக்கு விடும்போதே பயிற்சிக்கான திகதியையும் குறித்துக் கொடுங்கள். படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டுக்கு மாதத்தில் ஒருமுறையாவது வரச் செய்யுங்கள்.

இவை எல்லாம் உடனே முடியாதென்றால் முதலாவதையாவது செய்யுங்கள், ஐயா. இரண்டாவது சத்திரசிகிச்சைக்கு இன்னும் சம்மதம் சொல்லவில்லை. பயிற்சி கொடுக்க ஆள் வந்துவிட்டார் என்று தாங்கள் எழுதினால் அன்றைக்கே சொல்லிவிடுவோம். தயவுசெய்து ஒருவரை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
காயப்பட்ட தொழிலாளர் குடும்பங்கள் சார்பாக,
மனுதாரர்

பிரதிகள்: பிரதேச செயலாளர், கிராம அலுவலர்