உப்பலமடுகு அருவிப் பயணம்: உறுப்பினர்கள் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தடா அருகிலுள்ள உப்பலமடுகு அருவியில் நீர்வரத்து இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும் என்பதால், ஜனவரி 25, ஞாயிறன்று செல்கிறோம். காலை 5 மணிக்கு ராயபுரம் கல்மண்டபத்திலிருந்து வேன் புறப்படும்.

1. ஓடைப் பாறைகளில் பாசி படிந்து வழுக்கும். அடிப்பகுதி தேயாத ஷூ அணிந்து வாருங்கள்.

2. குட்டைகளின் ஆழம் மேலிருந்து தெரியாது. நீச்சல் தெரிந்தவர்களும் குதிக்கக் கூடாது. மலைமேல் பெய்யும் மழை பள்ளத்தாக்கில் திடீர் வெள்ளமாக இறங்கும் என்பதால், வானம் இருண்டாலே அருவியை எட்டாவிட்டாலும் திரும்பிவிடுவோம். இதற்கு அனைவரும் உடன்பட வேண்டுகிறேன்.

3. மது, பிளாஸ்டிக் பைகள் வேண்டாம்.

4. மதியம் 2 மணிக்கு இறங்கத் தொடங்குவோம்.

வருபவர்கள் தங்கள் பெயரையும் வீட்டாரின் கைபேசி எண்ணையும் புதன் இரவுக்குள் எனக்குத் தனியே அனுப்புங்கள்.