கண்ணாடிச் சிற்பம் என்றால் தடிமனையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகத்தில் உள்ள தற்காலக் கலைப் பிரிவைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில் படங்கள் நன்றாக இருந்தன. ஒரு திருத்தம் மட்டும். 'சிவப்புப் பிரமிடு' ஊதிச் செய்த சிற்பம் என்று எழுதியிருந்தது தவறு. செக் நாட்டுத் தம்பதியர் ஸ்தானிஸ்லாவ் லிபென்ஸ்கியும் யாரோஸ்லாவா பிரிக்தோவாவும் 1993இல் செய்த அந்தச் சிற்பம் அச்சுக்குள் கண்ணாடியை உருக்கி வார்த்தது. அதில் ஊதுகுழலுக்கு வேலையே இல்லை. ஒரே மாவுதானே என்று இட்லியைத் தோசை என்று சொல்ல முடியுமா?

இது சொல்லைப் பற்றிய வம்பு இல்லை. ஊதிய கண்ணாடி பெரும்பாலும் சில மில்லிமீட்டர் தடிமன்தான். வார்த்தது பல சென்டிமீட்டர். நிறம், எடை, செய்யப் பிடிக்கும் நாட்கள், உடையும் விதம் எல்லாம் அந்த ஓர் அளவிலிருந்துதான் வருகின்றன.

முதலில் நிறம். அந்தத் தம்பதியரின் வார்ப்புகளில் ஓரம் வெளிறியும் நடு இருண்டும் இருந்தால், இரண்டு சாயம் சேர்த்திருக்கிறார்கள் என்று நினைக்கத் தோன்றும். கண்ணாடி ஒன்றேதான். 2 செ.மீ. தடிமன் பாதி ஒளியை விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 செ.மீ. கால் பங்கை விடும்; 8 செ.மீ. பதினாறில் ஒரு பங்கை மட்டுமே விடும். லிபென்ஸ்கி வரைந்ததைப் பிரிக்தோவா களிமண்ணில் வடிப்பார். எங்கே வழிப்பது, எங்கே விடுவது என்ற அவருடைய கைக்கணக்குதான் கடைசியில் வெளிச்சமாகவும் நிழலாகவும் தெரிகிறது. பின்பக்கத்தைக் குடைந்து விடுவதும் இதற்காகவே. அதனால் இந்த வகைச் சிற்பத்தை முன்னால் மட்டும் நின்று பார்த்துவிட்டுப் போகக் கூடாது. சுற்றி வந்து பின்பக்கத்தைப் பார்த்தால்தான் முன்பக்கம் புரியும்.

வார்ப்பின் வழி சுருக்கமாக இது. களிமண் உருவிலிருந்து, பிளாஸ்டரும் சிலிக்கா (மணல்) மாவும் எடைக்குச் சரிபாதி கலந்த அச்சு எடுப்பார்கள். அச்சின் குழிக்கு எவ்வளவு கண்ணாடி வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: குழியை நிரப்பும் தண்ணீரின் எடையை 2.5 ஆல் பெருக்க வேண்டும். 4 கிலோ தண்ணீர் பிடித்தால் 10 கிலோ கண்ணாடி. ஈயம் மிகுந்த கண்ணாடி என்றால் 3.1 ஆல் பெருக்கலாம். கண்ணாடியைப் பொடியாகப் போட்டால் துகள்களுக்கு இடையிலுள்ள காற்று சிக்கி, வார்ப்பு பால்போல் மங்கும். பெரிய கட்டிகளாகப் போட்டால் தெளிவு கூடும். கட்டிகள் சேர்ந்த இடங்களில் மட்டும் மெல்லிய திரைபோல் குமிழிகள் நிற்கும். அச்சில் ஈரம் மிச்சமிருந்து சூளையை அவசரப்படுத்தினால் நீராவி அச்சைப் பிளந்துவிடும். சுமார் 830 முதல் 850 டிகிரி செல்சியஸில் கண்ணாடி தேன்போல் இளகி மூலைமுடுக்கெல்லாம் போய்ச் சேரும். இறங்கும்போது 700-800 டிகிரியில் தயங்கி நிற்கக் கூடாது. நின்றால் மேல்பரப்பில் படிகம் பூத்து வெளுத்துவிடும்.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை: ஆற்றுதல். ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டும் என்பது சோற்றைவிடக் கண்ணாடிக்குத்தான் பொருந்தும். வெளிப்புறம் முதலில் இறுகி, உள்ளே இன்னும் சூடாக இருந்தால், பிறகு உள்பகுதி சுருங்கும்போது வெளிப்பகுதி இடம் கொடுக்காது. அந்த இறுக்கம் உள்ளேயே தங்கிவிடும். சூளையைத் திறக்கும் அன்றே விரிசல் விடலாம். ஆறு மாதம் கழித்து, யாரும் தொடாமலே கூட விடலாம். தடிமன் இரட்டித்தால் குளிர்விக்கும் வேகத்தை நான்கில் ஒன்றாகக் குறைக்க வேண்டும் என்பது பொது விதி. போர்ட்லேண்டில் உள்ள புல்ஸ்ஐ நிறுவனம் தன் கண்ணாடிக்குத் தரும் அட்டவணையில், சீரான தடிமன் உள்ள 25 மி.மீ. பலகை ஆறக் குறைந்தது சுமார் 14 மணி நேரம், 50 மி.மீ. என்றால் 47; 100 மி.மீ. என்றால் 170, அதாவது ஒரு வாரம்; 200 மி.மீ. என்றால் 654 மணி, ஏறக்குறைய 27 நாள். 100 மி.மீ. கட்டியை 482 டிகிரியில் 16 மணி நேரம் நிறுத்தி, அங்கிருந்து முதல் கட்டத்தில் மணிக்கு ஒரு டிகிரிக்கும் குறைவாக இறக்க வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் அவ்வளவுதான்.

தடிமன் சீராக இல்லாத சிற்பத்துக்கு இந்தக் கணக்கும் போதாது. மெல்லிய இறக்கை முந்தி ஆறும், கனத்த உடல் பிந்தி ஆறும், இரண்டும் சேரும் கழுத்தில் விரிசல் ஓடும். மிகத் தடித்த இடத்தை அளந்து, அதைப்போல் இரு மடங்குத் தடிமனுக்கு உரிய நேரம் கொடுப்பது பாதுகாப்பு.

தடித்தது ஆற நாளாகும் என்ற விதிக்குப் பெரிய சாட்சி ஒன்றும் கார்னிங்கிலேயே இருக்கிறது. கலிஃபோர்னியாவில் பாலோமார் மலையிலுள்ள தொலைநோக்கியின் ஆடிக்காக 1934 மார்ச்சில் வார்த்த 200 அங்குலக் கண்ணாடி வட்டு அது. முழுத் தடிமனில் வார்த்தால் எடையும் ஆறும் காலமும் கட்டுக்கடங்காது என்பதால் முதுகுப் பக்கத்தை விலா எலும்புபோல் குழித்து வடிவமைத்தார்கள். குழிகளுக்கான அச்சுக்கட்டிகள் சிலவற்றைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் வெப்பத்தில் இளக, கட்டிகள் பிய்ந்து உருகிய கண்ணாடியின் மேல் மிதந்தன. டிசம்பரில் மறுபடி வார்த்த வட்டுதான் மலைக்குப் போனது. 20 டன் எடையுள்ள அது ஆறப் பத்து மாதம் பிடித்தது. தவறிப்போன முதல் வட்டு காட்சிக்கு இருக்கிறது. அது கலைப்பொருள் இல்லைதான். ஆனாலும் தற்காலப் பிரிவுக்குப் போகும் முன் அதன் முதுகைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

தடிமனின் மறுகோடிக்கும் அங்கே சான்று உண்டு. கலைஞர் லைசா லூவின் 'தொடர் மைல்', ஒரு மைல் நீளக் கயிறு முழுக்கக் கண்ணாடி மணிகளைக் கோத்துச் சுருட்டியது. மணி அவ்வளவு சிறிதாக இருப்பதால் உள்ளும் புறமும் ஏறக்குறைய ஒன்றாகவே ஆறிவிடும். அரிக்கமேட்டு மணிகளும் இந்த வகைதான்: உருகிய கண்ணாடியை நீண்ட குழாயாக இழுத்து, நறுக்கி, சாம்பலோடு சேர்த்து மறுபடி சூடாக்கி விளிம்பை உருட்டினார்கள். சாம்பல், மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க.

கட்டுரை இன்னொரு நல்ல செய்தியையும் விட்டுவிட்டது. 2015இல் திறந்த அந்தப் பிரிவில் கட்டடக் கலைஞர் தாமஸ் ஃபைஃபர் கூரை வழியாகப் பகல் வெளிச்சத்தை இறக்கியிருக்கிறார். ஓவியமோ துணியோ வைத்த அரங்கில் இப்படிச் செய்தால் சாயம் போகும். பெரும்பாலான கண்ணாடிக்கு வெளிச்சத்தால் கேடில்லை. விளக்கு மாறினால் நிறம் மாறும் கண்ணாடியும் உண்டு. நியோடிமியம் என்ற தனிமம் சேர்த்தது வெயிலில் இளம் ஊதாவாகவும் குழல்விளக்கில் நீலம் கலந்தும் தெரியும். அச்சகத்தில் நிறம் பிசகிவிட்டதாக நினைத்துத் திருத்திவிடாதீர்கள்.

உள் இறுக்கத்தைக் கண்ணால் பார்க்க ஆசைப்படும் வாசகர்கள் வீட்டிலேயே பார்க்கலாம். எல்சிடி திரையை முழு வெள்ளையாக வைத்து, போலராய்டு குளிர்க்கண்ணாடி அணிந்து, திரை கறுக்கும் வரை தலையைச் சாயுங்கள். திரைக்கு முன்னால் தெளிவான கண்ணாடிப் பொருளைப் பிடியுங்கள். நன்றாக ஆறியது கறுப்பாகவே நிற்கும். சரியாக ஆறாததில் மூலையிலும் ஒட்டிலும் வெள்ளைத் திட்டுகள் மினுங்கும். தடிமனான பேப்பர்வெயிட்டில் முதலில் பாருங்கள், மெல்லிய தம்ளர் பிறகு.

ஆகவே எங்கள் வேண்டுகோள் சிறியது. அடுத்த முறை கண்ணாடிச் சிற்பத்தின் படம் போடும்போது உயரம், அகலத்தோடு, ஊதியதா வார்த்ததா என்பதையும் மிகத் தடித்த இடத்தின் அளவையும் படத்தின் கீழே சேர்த்து அச்சிடுங்கள். ஒரு வரிக்கு மேல் இடம் பிடிக்காது.

இப்படிக்கு,
கண்ணாடி வார்ப்பு ஆர்வலர்கள்,
புதுச்சேரி