கல்வெட்டின் முதல் வரியில் இருக்கும் ஒரு செவிலியரிடமிருந்து

ஜான்சன் அண்ட் ஜான்சன் நிர்வாகக் குழுவினருக்கு,
நியூ பிரன்ஸ்விக், நியூ ஜெர்சி.

வணக்கம்.

நான் தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பணிக்காலத்தில் பெரும்பகுதி பிரசவ வார்டில் போனது. உங்கள் நிறுவனத்தில் எனக்குப் பங்கு எதுவும் இல்லை, உங்கள் மேல் வழக்கும் இல்லை. ஆனாலும் உங்களுக்கு எழுத எனக்கு உரிமை இருக்கிறது. அதை நீங்களே கொடுத்திருக்கிறீர்கள். 1943இல் ராபர்ட் உட் ஜான்சன் எழுதிய கொள்கையைத் தலைமையகத்தில் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறீர்கள். நிறுவனத்தின் முதல் பொறுப்பு யாருக்கு என்று அதன் முதல் வரியே சொல்லிவிடுகிறது. நோயாளிகள், மருத்துவர்கள், செவிலியர்கள், தாய்மார்கள், தந்தைமார்கள். பங்குதாரர்கள் கடைசியில்தான் வருகிறார்கள். அந்த முதல் வரியில் இருப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

பிள்ளை பிறந்தது என்று ஊருக்குச் சேதி போனால், சாயங்காலம் பார்வை நேரத்தில் சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், கொஞ்சம் பழம், அப்புறம் சோப்பும் எண்ணெயும் பவுடரும் அடுக்கிய உங்கள் பரிசுப் பெட்டி. தனக்கென்று ஒரு நல்ல சோப்பு வாங்கியிராத சித்தாள் வேலைக்காரம்மாகூட, தங்கச்சி பிள்ளைக்கு அதை வாங்கிக்கொண்டு வருவார். "பவுடர்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள், "ஜான்சன் பவுடர்" என்பார்கள். வீட்டுக்குப் போனதும் பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் குப்புறப் போட்டுக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டி, கழுத்து மடிப்பிலும் தொடை இடுக்கிலும் பவுடரைத் தட்டுவார். ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளைத் தூசி எழும்பி நிற்கும். பிள்ளை தும்மும். "நூறாயுசு" என்பார் பாட்டி.

முகத்துக்குப் பக்கத்தில் தட்டாதே, கையில் கொட்டித் தேய்த்துப் பூசு என்று எத்தனையோ தாய்மார்களிடம் சொல்லியிருக்கிறேன். அந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. பெயரைப் பார்த்தோம், போதும் என்று இருந்துவிட்டோம்.

ஆபரேஷன் தியேட்டரிலும் அப்படித்தான். சிசேரியனில் கர்ப்பப்பையைத் தைக்கும் நேரத்தில் டாக்டர் நிமிர்ந்து பார்க்காமலே கையை நீட்டி "வைக்ரில்" என்பார். அது உங்கள் எத்திகான் பிரிவு நூலுக்கு வைத்த பெயர். மருத்துவ சேவைக் கழகம் வேறு கம்பெனி நூலை அனுப்பியிருந்தாலும் எங்கள் வாயில் வருவது வைக்ரில்தான். விரல் வெட்டினால் பேண்ட் எய்டு. ஒரு பெயர் பொருளாகவே மாறிவிடுவது சாதாரண விஷயம் இல்லை. அதைச் சம்பாதித்துத்தான் வைத்திருக்கிறீர்கள். 1886இல் மூன்று சகோதரர்கள் தொடங்கிய நிறுவனம், அறுவைக் காயத்தில் சீழ் பிடித்து மனிதர்கள் செத்துக்கொண்டிருந்த காலத்தில் கிருமி நீக்கிய கட்டுத்துணியைச் செய்து விற்றது. பவுடர் வந்த கதையும் எனக்குப் பிடித்த கதை. பிளாஸ்டர் ஒட்டிய இடத்தில் நோயாளிக்குத் தோல் எரிகிறது என்று ஒரு மருத்துவர் எழுத, உங்கள் ஆய்வாளர் பிரெட் கில்மர் டால்க்கைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். அதிலிருந்துதான் 1894இல் பேபி பவுடர் வந்தது. ஒரு கடிதத்துக்குச் சொன்ன பதில் அது.

1982இல் சிகாகோ பகுதியில் உங்கள் டைலனால் வலி மாத்திரை சாப்பிட்டு ஏழு பேர் இறந்தார்கள். யாரோ கடைகளில் இருந்த பாட்டில்களைத் திறந்து சயனைடு கலந்திருந்தார்கள். உங்கள் தொழிற்சாலையில் தவறு இல்லை. அப்படியிருந்தும் நாடு முழுக்க 3.1 கோடி பாட்டில்களைத் திரும்ப எடுத்தீர்கள், 10 கோடி டாலருக்கு மேல் செலவு. அப்புறம்தான் பிரித்தால் தெரிகிற மாதிரி முத்திரை வைத்த மருந்து டப்பாக்கள் பரவலாக வந்தன. இன்றும் ஒவ்வொரு மருந்தைப் பிரிக்கும்போதும் அந்த முத்திரையைப் பார்க்காமல் செவிலியர் கை போகாது. தவறு யாருடையது என்று தீர்ப்பு வரும்வரை அன்றைக்கு நீங்கள் காத்திருக்கவில்லை.

அந்த நிறுவனமா இது என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

டால்க் பூமியிலிருந்து வெட்டி எடுக்கும் தாது. அதே பாறையில் புற்றுநோயை உண்டாக்கும் ஆஸ்பெஸ்டாஸும் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. 1971 முதல் 2000களின் தொடக்கம் வரை நடந்த சில சோதனைகளில் சிறிதளவு ஆஸ்பெஸ்டாஸ் தென்பட்டது உங்களுக்குத் தெரியும் என்று, உங்கள் ஆவணங்களை வைத்தே 2018 டிசம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் எழுதியது. நீங்கள் மறுத்தீர்கள், இன்றும் மறுக்கிறீர்கள். இந்தியாவில் அரசு மாதிரி எடுத்துச் சோதித்ததில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று 2019இல் முடிவு வந்தது. 2022இல் மகாராஷ்டிரம் முலுண்டு தொழிற்சாலையின் பவுடர் உரிமத்தை ரத்து செய்தது காரத்தன்மை அளவைக் காட்டித்தான். 2023 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவையும் நீக்கிவிட்டது. இதையெல்லாம் மறைத்துவிட்டு உங்கள் மேல் பழி போட எனக்கு விருப்பமில்லை. எந்தப் பவுடரால் யாருக்கு என்ன வந்தது என்று தீர்ப்புச் சொல்லும் படிப்பும் எனக்கில்லை.

என் கேள்வி தேதியைப் பற்றியது. 2020 மே மாதம் அமெரிக்காவிலும் கனடாவிலும் டால்க் பவுடர் விற்பதை நிறுத்துவதாக அறிவித்தீர்கள். எங்கள் ஊர் உட்பட மற்ற நாடுகளில் நிறுத்தியது 2023இல். நடுவில் மூன்று வருடம். பொருள் பாதுகாப்பானது, தவறான தகவல்களால் அங்கே வாங்குபவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று காரணம் சொன்னீர்கள். அப்படியானால் இங்கே ஏன் தொடர்ந்து விற்றீர்கள் என்பதற்கு ஒரே பதில்தான் மிஞ்சுகிறது: இங்கே வாங்குபவர்கள் குறையவில்லை. அந்த மூன்று வருடமும் எங்கள் வார்டுகளுக்குப் பரிசுப் பெட்டி வந்துகொண்டுதான் இருந்தது. அங்கே ஒரு தாய் கேள்விப்பட்டது இங்கே இருக்கும் தாய்க்குத் தெரியாது என்பதைத் தவிர இரண்டு பேருக்கும் என்ன வித்தியாசம்? உங்கள் கல்லில் "தாய்மார்கள்" என்றுதானே செதுக்கியிருக்கிறது?

பிறகு 2021 அக்டோபரில் செய்த காரியம். ஆயிரக்கணக்கான பெண்கள் சூலகப் புற்றுநோய் வந்தது என்று சொல்லி உங்கள்மேல் வழக்குப் போட்டிருந்த நேரம். டால்க் வழக்குகள் அத்தனையையும் எல்டிஎல் மேனேஜ்மென்ட் என்ற புது நிறுவனத்தின் தலையில் கட்டி, அடுத்த சில நாளில் அந்த நிறுவனத்தைத் திவால் என்று நீதிமன்றத்தில் நிறுத்தினீர்கள். எங்கள் ஊரில் இதற்கு மஞ்சள் கடுதாசி கொடுப்பது என்று பெயர். கடனையெல்லாம் மச்சான் பேரில் எழுதிவைத்துவிட்டு, மச்சானை மஞ்சள் கடுதாசி கொடுக்கச் சொல்கிறவனை ஊர் மன்னிக்காது. அன்றைக்கு உங்கள் சந்தை மதிப்பு 40,000 கோடி டாலருக்கு மேல். பணக்கஷ்டம் இல்லாதவருக்குத் திவால் சட்டம் எதற்கு என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 ஜனவரியில் தள்ளுபடி செய்தது. மறுபடி போனீர்கள், ஜூலையில் அதுவும் தள்ளுபடி. ரெட் ரிவர் என்ற இன்னொரு நிறுவனத்தை வைத்து மூன்றாவது முறை முயன்றீர்கள். 2025 மார்ச் 31 அன்று ஹூஸ்டன் நீதிபதி அதையும் ஏற்கவில்லை. இந்த மூன்று முயற்சி நடந்த காலத்தில், விசாரணைக்கு நாள் வராமலே எத்தனையோ பேர் படுக்கையில் காத்திருந்தார்கள். புற்றுநோய் வார்டில் ஒரு மாதம் என்றால் எவ்வளவு நீளம் என்று நிர்வாகக் குழுவில் யாருக்காவது ஒரு செவிலியர் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இப்போது நான் யாரிடம் கேட்பது என்பதே குழப்பமாக இருக்கிறது. 2023இல் பவுடர், ஷாம்பு, பேண்ட் எய்டு, டைலனால் எல்லாவற்றையும் கென்வியூ என்று தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டீர்கள். டால்க் பொறுப்பிலும் பாகப்பிரிவினை நடந்திருக்கிறது. அமெரிக்கா, கனடா வழக்குகள் உங்களிடம், மற்ற நாட்டுப் பொறுப்பு கென்வியூவிடம். 2025 நவம்பரில் கென்வியூவையே வாங்கப்போவதாக, ஹக்கிஸ் டயப்பர் விற்கும் கிம்பர்லி கிளார்க் அறிவித்தது. நாளைக்குத் தஞ்சாவூரிலிருந்து ஒரு அம்மா கடிதம் போட்டால் யார் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்? அவர் வாங்கிய டப்பாவில் இருந்தது உங்கள் பெயர்.

இடுப்பு மூட்டு விஷயத்தைப் படித்தால் இன்னும் வருத்தமாக இருக்கிறது. உங்கள் டிபுய் பிரிவு செய்த ஏஎஸ்ஆர் என்ற உலோக மூட்டு. உலோகமும் உலோகமும் உரசி, கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்து, சுற்றியிருந்த சதையைக் கெடுத்தது. ஆஸ்திரேலியாவில் 2009 டிசம்பரிலேயே எடுத்துவிட்டீர்கள். உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது 2010 ஆகஸ்டில். மொத்தம் 93,000 மூட்டுகள், அதில் இந்தியாவில் சுமார் 4,700. அமெரிக்க நோயாளிகளுக்கு 2013இல் ஏறக்குறைய 250 கோடி டாலருக்கு ஒப்பந்தம் ஆனது. இங்கே அரசு நிபுணர் குழு அமைத்ததே 2017இல்தான். மறு அறுவை நடந்தது உறுதியான 67 பேருக்குத் தலா 25 லட்சம் ரூபாய் தருவதாக டெல்லி உயர் நீதிமன்றத்தில் நீங்கள் சொன்னது 2019 மே மாதம். மூட்டு வைத்துக்கொண்ட பெரும்பாலான இந்தியர்களைத் தேடிப் பிடிக்கவே முடியவில்லை. மாடிப்படியில் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, வயசானால் வலிக்கத்தான் செய்யும் என்று நினைத்து ஏறும் ஒருவர் எங்காவது இருப்பார். அவர் இடுப்பில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச காலம் காசநோய் வார்டிலும் இருந்திருக்கிறேன். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு அப்போது மாதக்கணக்கில் தினமும் கனமைசின் ஊசி. "சிஸ்டர், காதுல ஏதோ கிர்ருனு கேக்குது" என்று ஒரு பையன் முதலில் சொன்னான். சில வாரம் கழித்து நான் பேசும்போது என் உதட்டையே பார்க்க ஆரம்பித்தான். அவனுக்கு ஊசி போட்ட கை இது. உங்கள் ஜான்சென் பிரிவு கண்டுபிடித்த பெடாகுவிலின், 2012 டிசம்பரில் அமெரிக்க அனுமதி பெற்ற மாத்திரை, அந்த ஊசியைத் தேவையில்லாமல் ஆக்க உதவியது. அதற்காக உங்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் காப்புரிமையை 2027 வரை நீட்டிக்கப் பார்த்தீர்கள். அதை எதிர்த்து நின்றவர்கள், காசநோய்ச் சிகிச்சையில் செவித்திறனை இழந்த இரண்டு பெண்கள், மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் பூமேசா டிசிலேவும். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் அவர்கள் பக்கம் நின்றது. அதே ஆண்டு செப்டம்பரில், 134 நாடுகளில் அந்தக் காப்புரிமையை வலியுறுத்த மாட்டோம் என்று அறிவித்தீர்கள். உங்களால் இறங்கி வர முடியும் என்று எனக்கு அதிலிருந்து தெரிந்தது. அந்த நம்பிக்கையில்தான் இந்தக் கடிதமே.

2024இல் உங்கள் வருமானம் 8,880 கோடி டாலர். எலும்பு மூட்டுப் பிரிவையும் டிபுய் சிந்தஸ் என்ற பெயரில் தனியாகப் பிரிக்கப்போவதாக 2025 அக்டோபரில் சொல்லிவிட்டீர்கள். அதைப் பிரிக்கும் முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஏஎஸ்ஆர் மூட்டு எந்தெந்த இந்திய மருத்துவமனைகளுக்குப் போனது என்ற பட்டியல் உங்கள் விற்பனைக் கணக்கில் இருக்கும். அதை வெளியிடுங்கள். தமிழிலும் மற்ற இந்திய மொழிகளிலும் நாளிதழ்களில் விளம்பரம் கொடுங்கள், பவுடருக்குக் கொடுத்த அளவுக்கு. பிரிந்த பிறகும் அந்த நோயாளிகளுக்கு ஜான்சன் அண்ட் ஜான்சன்தான் பொறுப்பு என்று எழுத்தில் கொடுங்கள். 2020க்கும் 2023க்கும் நடுவில் இங்கே டால்க் பவுடர் விற்றது ஏன் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். கென்வியூவைக் கை காட்டாதீர்கள். டப்பாவில் அச்சடித்திருந்த பெயருக்குத்தான் எழுதியிருக்கிறேன்.

பதிலைத் தமிழில் அனுப்பினால் நான் வேலை பார்த்த வார்டில் இப்போதிருக்கும் சிஸ்டர்களிடம் கொடுத்து, பிரசவம் ஆன தாய்மார்களுக்குப் படித்துக் காட்டச் சொல்வேன். பார்வை நேரம் சாயங்காலம் நான்கு மணிக்குத் தொடங்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசு மருத்துவமனைச் செவிலியர்,
தமிழ்நாடு.