குறுக்கே படுக்க வைத்த பெட்டிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன மாதம் வெள்ளவத்தைப் பக்கம் ஒரு மண்டபத்தில் திருத்த வேலை நடந்தது. வாசலில் உடைத்த கதவு நிலைகளோடு இரண்டு நெட்டைப் பெட்டிகள் கிடந்தன. நெஞ்சளவு உயரம், முன்பக்கத்துத் துணி கிழிந்திருந்தது. உள்ளே ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு எட்டு அங்குல ஸ்பீக்கர்கள். "பழசு ஐயா, விறகுக்குப் போகுது" என்றார் அங்கு நின்ற தம்பி. எழுபதுகளில் இசைக்குழுக்களுக்கு ஸ்பீக்கர் கட்டப் போனவன் நான். அன்றைக்கு வீட்டுக்கு வந்தும் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த மண்டபத்தில் அந்தப் பெட்டிகளை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். மேடை ஓரத்தில் எப்போதும் குறுக்கே படுக்க வைத்திருப்பார்கள். நிமிர்த்தி வைத்தால் பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கிறதாம். ஆனால் அந்தப் பெட்டியின் சூட்சுமமே அது நிற்பதில்தான் இருக்கிறது. ஸ்பீக்கர்களை மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தினால் சத்தம் இரண்டு பக்கமும் விரியும். கூரைக்கும் தரைக்கும் அதிகம் போகாது. படுக்க வைத்தால் எல்லாம் தலைகீழ். மின்விசிறிக்கும் தரைக்கும் நன்றாகக் கேட்கும், ஓரக் கதிரைக்காரருக்குப் பாட்டு விளங்காது. பிறகு "பழைய பெட்டி சரியில்லை" என்று பழி. இன்று பெரிய மேடைகளில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் ஸ்பீக்கர் வரிசை, லைன் அரே, இருக்கிறதே, 1990களின் தொடக்கத்தில் பிரான்சில் கிறிஸ்டியன் ஹைல் அதைப் புதிதாக வடிவமைத்தபோது பிடித்துக்கொண்டதும் இந்த நெடுவரிசையைத்தான்.

இப்போது ஸ்பீக்கர் வாடகைக்குக் கொண்டு வருகிறவர்கள் வாயைத் திறந்தாலே ஆயிரம் வாட்ஸ், ஐயாயிரம் வாட்ஸ். 1967இல் இங்கிலாந்தில் அம்ப்ளிபையர் செய்பவரான சார்லி வொட்கின்ஸ் 1000 வாட்ஸை ஒரு திறந்தவெளி விழாவில் ஓட்டியதையே அதிசயமாகப் பேசினார்கள். எங்களிடம் இருந்தது 100 வாட்ஸ் அம்ப்ளிபையர் ஒன்று. அதற்குப் பொருந்தியது ஹோர்ன், அதாவது விரிந்த வாய், வைத்த பேஸ் பெட்டி. நாதஸ்வரத்தின் அணசைப் பாருங்கள். சிறிய சீவாளியின் அதிர்வு கோயில் வீதி முழுக்கப் போவதற்கு அந்த விரிந்த வாய் எவ்வளவு உதவுகிறது! 1940களில் திரையரங்குகளுக்காக அல்டெக் லான்சிங் நிறுவனம் செய்த பெட்டிகளும் அதே வழிதான். ஒரு வாட்ஸுக்கு ஒரு மீற்றர் தூரத்தில் 100 டெசிபெல் சத்தம் தரும் பெட்டியையும் 90 தரும் சின்னப் பெட்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னதன் சத்தத்தைப் பின்னதில் எட்ட, பத்து மடங்கு மின்சக்தி வேண்டும்.

1977க்கு முன்னர் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்தது. நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பொப்பிசையால் ஊரைக் கலக்கிய காலம். வெளியிலிருந்து பெட்டி வாங்க எங்களுக்கு வழியில்லை. யாரோ கொண்டுவந்த ஸ்பீக்கரை வைத்து, அளவைத் தாளில் கீறி, மொறட்டுவைத் தச்சர் ஒருவரிடம் கொடுத்துப் பலகை அடித்தோம். முதல் பெட்டி அதிர்ந்து ஆணி கழன்றது. உள்ளே குறுக்குச் சட்டம் வைத்த பிறகுதான் அடங்கியது.

குறையில்லாத பெட்டி என்று சொல்லமாட்டேன். பேஸ் பெட்டியைத் தூக்க நான்கு பேர் வேண்டும். என் இடுப்பு இன்றைக்கும் அதைச் சொல்லும். நெட்டைப் பெட்டியில் பாடகரின் 'ஸ்', 'ஷ்' ஓசைகள் மங்கிவிடும். நாட்டிய அரங்கேற்றத்துக்குப் புதியதே நல்லது. வயலினும் ஒரு குரலுமான சின்னக் கச்சேரிக்கு அப்படியல்ல.

மண்டபக்காரரிடம் கேட்பது இவ்வளவுதான். எறியுமுன் பின்பலகையைக் கழற்றிப் பாருங்கள். ஸ்பீக்கரின் முன்னால் அதிரும் கூம்பான கோனின் விளிம்பு துணியாலோ மடிப்புக் காகிதத்தாலோ இருந்தால் பெரும்பாலும் தப்பியிருக்கும். ஸ்பொஞ்ச் விளிம்பென்றால் எங்கள் கடற்கரை ஈரத்தில் பொடிந்திருக்கும், அதை மாற்றலாம். கைக்குக் கிடைத்த வேறு ஸ்பீக்கரைப் பூட்டாதீர்கள், பெட்டியின் அளவு பழைய ஸ்பீக்கருக்கென்று கணக்கிட்டது. அதுவும் முடியாதென்றால் வாசலில் ஒரு அறிவித்தல் ஒட்டுங்கள். வானோடு வந்து ஏற்றிப்போக நான் ஆயத்தம். தூக்க மட்டும் இரண்டு பேர் தாருங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் ஒலியமைப்பாளர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.